293318625600: ராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட உயர் பகு எண்

கேள்வி: தாளும்பென்சிலும்

வணக்கம். உயர் பகு எண்களைப் பற்றி ராமானுஜன் 1915ஆம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் எழுதிய நீண்ட கட்டுரையைச் சில வாரங்களாக மெதுவாகப் படித்து வருகிறேன். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விடக் கூடுதலான வகுத்திகளைக் கொண்ட எண்ணையே உயர் பகு எண் என்கிறோம். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என 6 வகுத்திகள் இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை. ஆகவே 12 உயர் பகு எண். 18க்கும் 6 வகுத்திகள் உண்டு என்றாலும் 12 முந்திக்கொண்டுவிட்டதால் 18 இந்த வரிசையில் சேராது.

இத்தகைய எண்களை 6746328388800 வரை, நூறுக்கும் மேற்பட்டவற்றை, ராமானுஜன் பட்டியலிட்டிருக்கிறார். அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் மட்டும் விடுபட்டது என்றும், அது 293318625600 என்றும் பின்னர் வந்த குறிப்புகளில் காண்கிறேன். நம் வழக்கில் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதற்கு 5040 வகுத்திகள் உண்டாம்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது எளியது: 5040 வகுத்திகளையும் எழுதிப் பார்க்காமல் அந்த எண்ணிக்கையை எப்படி உறுதி செய்வது, இந்த எண்ணின் உள்ளமைப்பில் வேறு என்ன சிறப்புகள் உள்ளன? இரண்டாவதுதான் என்னை உண்மையில் உறுத்துகிறது. இதற்குக் கீழே 29,000 கோடிக்கு மேற்பட்ட எண்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்குக்கூட 5040 வகுத்திகள் இல்லை என்பதைக் கணினியின் துணையில்லாமல், தாளில் எழுதி நிறுவ முடியுமா? ராமானுஜன் காலத்தில் கணினி இல்லை. ஆகவே கையால் செய்யத்தக்க ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். கல்லூரி முதலாண்டுக் கணிதம் படித்தவருக்குப் புரியும் வகையில் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: காரணிக்காரன்

உங்கள் முதல் ஐயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துவிட்டால் வகுத்திகளின் எண்ணிக்கை தானாகவே வந்துவிடும்.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இதன் எந்த வகுத்தியும் இதே பகா எண்களால் மட்டுமே அமைந்திருக்க வேண்டும். அதில் 2இன் அடுக்கு 0 முதல் 6 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால் 7 வாய்ப்புகள்; 3இன் அடுக்குக்கு 5 வாய்ப்புகள்; 5க்கும் 7க்கும் மும்மூன்று; எஞ்சிய நான்கு பகா எண்களுக்கும் இருத்தல், இல்லாதிருத்தல் என இரண்டிரண்டு. ஆக 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குவது என்று பள்ளியில் சொல்லித்தரும் அதே விதிதான் இது.

இந்த எண்ணிக்கை எவ்வளவு பெரியது என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். 1 முதல் இந்த எண் வரையுள்ள எண்களுக்குச் சராசரியாக எத்தனை வகுத்திகள் இருக்கும் என்பதை ஜெர்மன் கணித அறிஞர் டிரிக்லே கண்ட சூத்திரத்தால் கணித்தால் ஏறக்குறைய 26.6 என்று வருகிறது. நம் எண்ணுக்கு இருப்பவை அதைப்போல் ஏறக்குறைய 190 மடங்கு. ஒரு பகா எண்ணின் இயல்புக்கு இயன்றவரை எதிரான இயல்புடையது உயர் பகு எண் என்று ஹார்டி சொன்னதன் பொருள் இதுதான்.

உள்ளமைப்பைப் பொறுத்தவரை, எனக்கு மிகவும் பிடித்தது பின்வரும் வடிவம். 2, 3, 5, 7 ஆகிய நான்கின் அடுக்குகளும் இரட்டைப்படையாக அமைந்திருப்பதைக் கவனியுங்கள். 2³ × 3² × 5 × 7 = 2520 என்பதால்,

293318625600 = 2520² × 11 × 13 × 17 × 19

என்று எழுதிவிடலாம். 2520 என்பது 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண். அதுவும் ஓர் உயர் பகு எண். அதை வர்க்கப்படுத்தி, அடுத்து வரும் நான்கு பகா எண்களையும் ஒவ்வொரு முறை பெருக்கினால் நம் எண் கிடைத்துவிடுகிறது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் பன்னிரண்டு இலக்கங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை.

1 முதல் 22 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் இதை மீதியின்றி வகுக்கும். முதலில் தோற்பது 23. அந்த 22 எண்களின் மீச்சிறு பொது மடங்கு 232792560. அதன் சரியாக 1260 மடங்கே நம் எண். மேலும், 5040 என்பது 7 தொடர்பெருக்கம், அதாவது 1 முதல் 7 வரையுள்ள எண்களின் பெருக்கற்பலன். வகுத்திகளில் ஒற்றைப்படையானவற்றை மட்டும் எண்ணினால் 5040ஐ 7ஆல் வகுத்து 720 என்று வரும். அது 6 தொடர்பெருக்கம். இது தற்செயல் ஒற்றுமைதான், ஆழ்ந்த காரணம் எதையும் இதில் தேட வேண்டாம். ஆயினும் பார்க்க அழகாக இருக்கிறது. வகுத்திகள் எல்லாவற்றையும் கூட்டினால் 127 × 121 × 31 × 57 × 12 × 14 × 18 × 20 = 1642243014720 கிடைக்கும்; அது எண்ணைப்போல் ஏறக்குறைய 5.6 மடங்கு.

இரண்டாவது ஐயத்திற்கு விடை சொல்ல என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் ஒரு தொடக்கக் குறிப்பை மட்டும் தருகிறேன். உயர் பகு எண்ணில் பகா எண்கள் 2இலிருந்து இடைவெளியின்றித் தொடர வேண்டும். அவற்றின் அடுக்குகள் முன்செல்லச் செல்ல ஏறக்கூடாது. 3இன் அடுக்கு 2இன் அடுக்கைவிடக் கூடுதலாக இருந்தால் இரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றினாலே வகுத்திகளின் எண்ணிக்கை குறையாமல் எண் சிறுத்துவிடும் அல்லவா? கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 ஆகிய இரண்டு எண்கள் நீங்கலாக எப்போதும் 1ஆகவே இருக்கும் என்பதையும் ராமானுஜன் நிறுவியிருக்கிறார். இந்த நிபந்தனைகளே 29,000 கோடி எண்களைத் தாளில் எழுதிவிடக்கூடிய அளவுக்குச் சுருக்கிவிடுகின்றன.

பதில் 2: மடக்கை அட்டவணை

காரணிக்காரன் அவர்கள் சொன்ன நிபந்தனைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாய்ப்பாகச் சரிபார்க்கவும் முடியும். ஆனால் அது அலுப்பூட்டும் வேலை. ராமானுஜன் அதே கட்டுரையில் அறிமுகப்படுத்திய மீயுயர் பகு எண் என்ற கருத்தைக் கொண்டு இதைவிடக் கூர்மையான ஒரு வழியை அமைக்கலாம். முழு நிறுவலையும் இங்கேயே தருகிறேன். இயல் மடக்கை தெரிந்திருந்தால் போதும்.

293318625600ஐ ந என்று குறிப்போம். ஓர் எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் என்பதை மட்டும் பார்த்தால் பெரிய எண்களே எப்போதும் வெல்லும்; ஆகவே அந்த எண்ணிக்கையை எண்ணின் ஒரு சிறிய அடுக்கால் வகுத்து, அளவுக்கேற்ற ஒரு தண்டத்தை விதிக்கிறோம். அந்த அடுக்காக 2இன் மடக்கையை 23இன் மடக்கையால் வகுத்துக் கிடைக்கும் 0.221065ஐ எடுத்துக்கொள்வோம். ஏன் 23 என்பது போகப்போகப் புரியும். இப்போது அந்த ஈவின் மடக்கையை எண்ணின் மதிப்பு என்று அழைப்போம்: வகுத்திகளின் எண்ணிக்கையின் மடக்கையிலிருந்து, எண்ணின் மடக்கையை 0.221065ஆல் பெருக்கிக் கழித்தால் வருவது.

இந்த மதிப்பின் பெருஞ்சிறப்பு என்னவென்றால் அது பகா எண் பகா எண்ணாகத் தனித்தனியே பிரிந்துவிடுகிறது. ஒரு பகா எண்ணின் அடுக்கு 4 என்றால் அதன் பங்களிப்பு 5இன் மடக்கையிலிருந்து அந்தப் பகா எண்ணின் மடக்கையைப்போல் 0.88426 மடங்கைக் கழித்தது. பிற அடுக்குகளுக்கும் இவ்வாறே. ஆகவே ஒவ்வொரு பகா எண்ணுக்கும் மிகச் சிறந்த அடுக்கு எது என்று தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். கணக்கிட்டால் 2க்கு 6, 3க்கு 3, 5க்கு 2, 7 முதல் 19 வரையுள்ள ஒவ்வொன்றுக்கும் 1 என்று வருகிறது. 23ஐச் சேர்த்தாலும் விட்டாலும் மதிப்பு மாறாது. அப்படி அமையும்படிதான் அடுக்கைத் தேர்ந்தெடுத்தோம். 29ஐயும் அதற்கு மேற்பட்டவற்றையும் சேர்த்தால் இழப்பே. எனவே உச்ச மதிப்பைப் பெறும் எண்கள் இரண்டே: 13967553600, அதை 23ஆல் பெருக்கிய 321253732800. இவ்வாறு ஏதேனும் ஓர் அடுக்குக்கு உச்ச மதிப்பைப் பெறும் எண்களையே மீயுயர் பகு எண்கள் என்கிறோம். இரண்டாவதை ம என்று குறிப்போம்.

வேறு எந்த எண்ணை எடுத்தாலும் உச்சத்திலிருந்து ஏதேனும் ஓர் இழப்பு இருக்கும். நம் ந-வில் 3இன் அடுக்கு 3க்குப் பதிலாக 4ஆக இருப்பதால் 0.0197 இழப்பு, 7இன் அடுக்கு 1க்குப் பதிலாக 2ஆக இருப்பதால் 0.0247 இழப்பு, 23 இல்லாததால் இழப்பு ஏதும் இல்லை. மொத்தம் 0.0444.

இனி, ந-வைவிடச் சிறிய ஓர் எண்ணுக்கு 5040 அல்லது அதற்கு மேற்பட்ட வகுத்திகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண் சிறியதாகவும் எண்ணிக்கை குறையாமலும் இருப்பதால் அதன் மதிப்பு ந-வின் மதிப்பைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும். அதாவது அதன் மொத்த இழப்பு 0.0444க்கு உட்பட்டிருக்க வேண்டும். இந்த ஒரே சமனிலி ஏறத்தாழ எல்லா எண்களையும் துடைத்தெறிந்துவிடுகிறது.

2இன் அடுக்கு 4, 5, 6, 7 ஆகியவற்றுள் ஒன்றாக மட்டுமே இருக்கலாம். 8 என்றால் இழப்பு 0.055, 3 என்றால் இன்னும் கூடுதல். 3இன் அடுக்கு 3 அல்லது 4. 2ஆகக் குறைத்தால் இழப்பு 0.0448, மயிரிழையில் வரம்பைத் தாண்டிவிடுகிறது. 5இன் அடுக்கு 2 மட்டுமே, ஏனெனில் 1 என்றால் 0.0497, 3 என்றால் 0.068. 7க்கு 1 அல்லது 2. 11, 13, 17 ஆகியவை ஒவ்வொரு முறை கட்டாயம் வர வேண்டும். 29ஐச் சேர்த்தால் 0.0512 என்பதால் அதற்கும் அதன் மேற்பட்டவற்றுக்கும் இடமில்லை. 19ஐ விட்டுவிட்டால் இழப்பு 0.0422, அது வரம்புக்குள் அடங்குகிறது என்பதால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 23 இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

முதலில் 19 இல்லாத நிலை. எஞ்சிய இழப்பு மிகக் குறைவாக இருப்பதால் 3இன் அடுக்கு 3, 7இன் அடுக்கு 1, 2இன் அடுக்கு 5 அல்லது 6 என்பதைத் தவிர வேறு வழியில்லை. 23ஐச் சேர்த்துக்கொண்டாலும் வகுத்திகள் 2688ஐத் தாண்டா. ஆகவே 19 இருந்தே தீர வேண்டும்.

அடுத்து, 23 இருந்து 7இன் அடுக்கு 1ஆக உள்ள நிலை. வகுத்திகளின் எண்ணிக்கை 192ஐ, 2, 3 ஆகியவற்றின் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டி வரும் இரண்டு எண்களால் பெருக்கியது. அது 5040ஐ எட்ட வேண்டுமானால் அவ்விரண்டு எண்களின் பெருக்கற்பலன் 27க்குக் குறையக்கூடாது. அதை நிறைவு செய்யும் மிகச் சிறிய எண் 2⁶ × 3³ உடையது. அது ம-தான், ந-வைவிடப் பெரியது. அடுத்தது 2⁵ × 3⁴ உடைய 481880599200, அதுவும் பெரியது. 23உம் 7²உம் சேர்ந்து வந்தால் மிகச் சிறிய எண்ணே 562194032400 என்பதால் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கடைசியாக, 23 இல்லாத நிலை. 7இன் அடுக்கு 1 என்றால் வகுத்திகள் அதிக அளவாக 96 × 40 = 3840; போதாது. 7இன் அடுக்கு 2 என்றால் எண்ணிக்கை 144ஐ மேற்சொன்ன பெருக்கற்பலனால் பெருக்கியது. அது 5040ஐ எட்டப் பெருக்கற்பலன் 35ஆவது இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட அடுக்குகளில் 35 தருவது 2⁶ × 3⁴ மட்டும், அது ந-வே. 40 தருவது 2⁷ × 3⁴, அது ந-வின் இரு மடங்கு. ஆகவே ந-வைவிடச் சிறிய எண் எதுவும் இல்லை. நிறுவல் முடிந்தது.

29,000 கோடி எண்களைப் பற்றிய ஒரு கூற்றை நிறுவ ஏறத்தாழ ஒரு டஜன் மடக்கைகளே தேவைப்பட்டன. ராமானுஜன் காலத்து அச்சிட்ட மடக்கை அட்டவணையே இதற்குப் போதுமானது.

பதில் 3: பழைய ஏடு

கணக்குப் பகுதி நிறைவாக வந்துவிட்டது. கட்டுரையின் வரலாற்றைப் பற்றியும், 5040 என்ற எண்ணைப் பற்றியும் சிறிது சேர்க்க விரும்புகிறேன்.

ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார்; உயர் பகு எண்கள் குறித்த கட்டுரை அடுத்த ஆண்டே வெளியாயிற்று. 1916 மார்ச்சில் அவருக்கு ஆய்வின் வழியாகப் பி.ஏ. பட்டம் வழங்கப்பட்டதற்கு இந்தக் கட்டுரையே அடிப்படை. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வில் தேறாமல் போனவருக்குப் பட்டத்தைப் பெற்றுத் தந்த எண்கள் இவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1729இன் கதை பரவிய அளவுக்கு இது பரவவில்லை, எனக்கு அதில் சற்று வருத்தம் உண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்த நாளில் லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால் அவர் எழுதியதன் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. ஜான் லூயி நிக்கோலா, கீ ரோபன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புரையோடு அந்த எஞ்சிய பகுதி 1997இல்தான் ராமானுஜன் பெயரிலேயே தொடங்கப்பட்ட ஆய்விதழில் வெளிவந்தது.

5040க்கு வருவோம். நம் எண்ணுக்கு 5040 வகுத்திகள், 5040க்கு 60 வகுத்திகள், 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4, 4க்கு 3. இதையே தலைகீழாகப் பார்த்தால் சிறப்பு இன்னும் துலங்கும். 3இல் தொடங்கி, முந்தைய எண் எவ்வளவோ அவ்வளவு வகுத்திகளையுடைய மிகச் சிறிய எண்ணை ஒவ்வொரு முறையும் தேடிச் சென்றால் 3, 4, 6, 12, 60, 5040, 293318625600 என்ற வரிசை கிடைக்கிறது. மடக்கை அட்டவணை அவர்கள் மேலே நிறுவியது அந்தக் கடைசிப் படியையும் உறுதி செய்துவிடுகிறது. அடுத்த படியில் 293318625600 வகுத்திகளைக் கொண்ட மிகச் சிறிய எண் வர வேண்டும். அதற்கு 75 இலக்கங்கள், 61 வரையுள்ள எல்லாப் பகா எண்களும் அதற்குள் இருக்கின்றன. பன்னிரண்டு இலக்கத்திலிருந்து ஒரே தாவலில் எழுபத்தைந்துக்கு!

5040 என்ற எண்ணைப் பழங்காலத்திலேயே போற்றியவர் பிளேட்டோ. தாம் கற்பனை செய்த நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்றும், 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடுவதால் நிலப் பகிர்வுக்கும் நிருவாகத்துக்கும் அது ஏற்றது என்றும் அவர் வாதிட்டார். நம் காலத்தில் ரோபன் 1984இல் நிறுவிய தேற்றத்திலும் இதே எண் வாசலில் நிற்கிறது. வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு ஒரு குறிப்பிட்ட மேல்வரம்பை எழுதி, 5040க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணும் அந்த வரம்புக்குள் அடங்கினால், பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய, இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோள் மெய், அடங்காத ஓர் எண் அகப்பட்டால் பொய் என்று அவர் காட்டினார். வரம்பை மீறுவதாக அறியப்பட்ட எண்களில் மிகப் பெரியது 5040தான்.

கேட்டவரின் மறுமொழி: தாளும்பென்சிலும்

மூவருக்கும் நன்றி. மடக்கை அட்டவணை அவர்களின் நிறுவலை வரி வரியாக எழுதிப் பார்த்தேன், 3²க்கு 0.0448 என்று வந்து வரம்புக்கு வெளியே விழுந்தபோது மூச்சு வந்தது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பட்டியலில் இந்த எண்ணுக்கு முன்னால் வருவது 240940299600. அதன் காரணிகள் 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. பின்னால் வருவது 321253732800. அதிலும் 23 இருக்கிறது. நடுவில் உள்ள நம் எண்ணில் மட்டும் 23 இல்லை. எண் வளர வளரப் புதிய பகா எண்கள் சேர்ந்துகொண்டே போகும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். வந்த 23 மறைந்து, மறுபடியும் வருவது எப்படி?

பதில் 4: காரணிக்காரன்

மிக நல்ல கேள்வி. இந்த எண் ஏன் தனித்தன்மை உடையது என்பதற்கும் விடை அதில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். உயர் பகு எண்களின் வரிசையில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்வது பெரும்பாலும் ஒரு பண்டமாற்று: சில காரணிகளைக் கொடுத்துவிட்டு, அவற்றைவிடச் சற்றே பெரிய காரணிகளை வாங்கிக்கொள்கிறோம். 240940299600இலிருந்து நம் எண்ணுக்கு வரும்போது 23ஐக் கொடுத்து 2² × 7 = 28ஐ வாங்குகிறோம். எண் 28/23 மடங்காக வளர்கிறது. 2இன் அடுக்கு 4இலிருந்து 6ஆகவும் 7இன் அடுக்கு 1இலிருந்து 2ஆகவும் ஏறுவதால் எண்ணிக்கை 7/5, 3/2 ஆகியவற்றால் பெருகி, 23 போவதால் பாதியாகிறது. மொத்தத்தில் 21/20 மடங்கு. 4800 வகுத்திகள் 5040ஆகின்றன.

அடுத்த படியில் 3 × 7 = 21ஐக் கொடுத்து 23ஐ வாங்குகிறோம். எண் 23/21 மடங்காக மட்டுமே வளர்கிறது. வகுத்திகளோ 4/5, 2/3, 2 ஆகியவற்றின் பெருக்கற்பலனாகிய 16/15 மடங்காக உயர்ந்து 5376ஆகின்றன. ஆகவே புதிய பகா எண் ஒன்று நிலையாகக் குடியேறுவதற்கு முன் ஒரு தடுமாற்றக் காலம் உண்டு. 23க்கு அது ஏற்படும் இடம் இதுதான். நம் எண்ணுக்குப் பிறகு 23 இல்லாத உயர் பகு எண் எதுவும் வருவதில்லை. 19ஓடு நின்றுவிடும் உயர் பகு எண்களில் கடைசியானது இதுவே.

இதில் நான் கவனித்த இன்னொரு செய்தி. 21க்குப் பதில் 23 என்ற இந்தப் பண்டமாற்றில் 2இன் அடுக்குக்கு எந்தப் பங்கும் இல்லை. எனவே நம் எண்ணையும் அதன் அடுத்ததையும் 2ஆல் வகுத்தால் 146659312800, 160626866400 என்ற எண்கள் வருகின்றன. அவற்றுக்கு முறையே 4320, 4608 வகுத்திகள். இரண்டும் உயர் பகு எண்கள், பட்டியலில் அடுத்தடுத்து நிற்பவை. மீண்டும் 2ஆல் வகுத்தால் 73329656400, 80313433200. வகுத்திகள் 3600, 3840. இவையும் அடுத்தடுத்த உயர் பகு எண்களே. ஆக, இடையில் வேறு எண் எதுவும் நுழையாமல் 21க்குப் பதில் 23 என்ற ஒரே மாற்றத்தால் இணைந்த மூன்று இணைகள் பட்டியலில் உள்ளன. இவற்றுள் சிறிய இரண்டு இணைகளும் ராமானுஜனின் பட்டியலில் முழுமையாக இடம்பெற்றுள்ளன. மிகப் பெரிய இணையின் முதல் எண்தான் விடுபட்டது. அவருடைய பட்டியலின் கடைசி எண்ணாகிய 6746328388800ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என்று வருகிறது. அதாவது விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கியதே பட்டியலை முடித்து வைக்கும் எண். அதற்கு 10080 வகுத்திகள்.

இணைகள் மூன்றோடு ஏன் நிற்கின்றன என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். மேல்நோக்கிச் சென்று இரட்டிப்பாக்கினால் 586637251200, 642507465600 என்ற இணை வரும். இரண்டாவது உயர் பகு எண்தான், 6144 வகுத்திகள் உடையது. முதலாவதற்கு 8 × 5 × 3 × 3 × 16 = 5760 வகுத்திகள் கிடைக்கின்றன; ஆனால் அதே 5760ஐ 481880599200 முன்னதாகவே எட்டிவிட்டது. கீழ்நோக்கிச் சென்றால் 36664828200க்கு 2880 வகுத்திகள். அதைவிடச் சிறிய 20951330400க்கும் அதே 2880 இருக்கிறது, 27935107200க்கோ 3072 வந்துவிட்டது.